கொட்டுற காசு

— அந்த மெத்தையைத் தொடாதீங்க முதலாளி, அடியில ஈரம்.

— ஈரம்னுதான் தொட்டுப் பார்க்கிறேன் டிரைவரே. ஈர மெத்தை ஒண்ணு, காய்ஞ்ச மெத்தை மூணுக்குச் சமம். குப்பைக் கிடங்குல எடை போடுறவன், இதுல பஞ்சு எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு பிரிச்சா பார்க்கப் போறான்? கேட்டுக்குங்கம்மா, விஷயத்துக்கு வர்றேன்.

— சார், இருபது நிமிஷமா நீங்க விஷயத்துக்கு வந்துக்கிட்டேதான் இருக்கீங்க. எங்கம்மா வீட்டைக் காலி பண்ண எவ்வளவு ஆகும்? மொத்தமா சொல்லுங்க.

— மொத்தமா சொன்னா தலை சுத்தும்மா. ஒவ்வொண்ணா சொன்னா, ஒரு இடத்துல உக்காந்து நிதானமா கேக்கலாம்.

— உக்கார இடம் எங்க சார் இருக்கு?

— அதுவும் நியாயம்தான். பழைய சாமான் எடுக்கிற தொழிலுக்கு வந்து முப்பது வருஷமாச்சு, வாசல்லேருந்தே நண்டு மாதிரி பக்கவாட்டுல நடக்க வச்ச வீடு இதுதான். உங்கம்மா எப்படி நடந்தாங்க?

— நடக்கத்தான் முடியலையே. போன வாரம் அந்த உள் ரூம்ல அலமாரி சரிஞ்சு, அவங்க மேல விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சு. ஸ்ட்ரெச்சர் உள்ள வர வழியில்ல. ஜன்னல் கம்பியை அறுத்து, அது வழியா வெளியில எடுத்தாங்க எங்கம்மாவை.

— முதலாளி, நேரமாகுது.

— என்ன நேரமாகுது? பேசிக்கிட்டு இருக்காங்கல்ல. காலையில விலாசத்தைச் சொன்னதுலேருந்து இந்த ஆளு ஒரு நிலையில இல்லம்மா. முதல்ல முதுகு வலின்னார். அப்புறம் டயர்ல காத்து இல்லன்னார். நீங்க சொல்லுங்க.

— வெள்ளிக்கிழமை காலையில ஆஸ்பத்திரியிலேருந்து ஒருத்தர் வந்து பார்ப்பாங்க. வாசல்லேருந்து கட்டில் வரைக்கும் சக்கர நாற்காலி தடங்கல் இல்லாம போகணும். போகலேன்னா அம்மாவை வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க, நேரா முதியோர் இல்லம்தான். டாக்டர் இதை வியாதின்னே எழுதிட்டார். எதையும் தூக்கிப் போட முடியாம சேர்த்துச் சேர்த்து வைக்கிற வியாதியாம். இப்படிப்பட்டவங்களைத் தனியா விடக் கூடாதாம்.

— ரொம்ப நாளாவே இப்படியா?

— ரெண்டு வருஷம் முன்னாடி நான் வந்தப்ப இந்த ஹால்ல பந்து விளையாடலாம் சார். அப்பா போனப்புறம் அவர் சாமானைக்கூட ஒண்ணு விடாம கொடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் நான் வர்றேன்னாலே, வேண்டாம், எதுக்கு வெட்டிச் செலவுன்னுடுவாங்க. நானும் விட்டுட்டேன். இப்ப வந்து கதவைத் திறந்தா, முழுசாத் திறக்கவே இல்ல. சரி, அதென்ன நீங்க பாட்டுக்கு எல்லாத்து மேலயும் மஞ்சள்ல கிறுக்கிக்கிட்டே வர்றீங்க?

— கிறுக்கல் இல்லம்மா, கணக்கு. எடுக்கிற சாமானுக்கு ஒரு பெருக்கல் குறி. அதுக்குக் கீழ ஒரு நம்பர், தூக்க எத்தனை ஆள் வேணும்னு. மர டிப்போவுல போடுற மெழுகுக் கட்டி இது, மழையே பேஞ்சாலும் போகாது. இந்தச் சோபாவுக்கு மூணு ஆள். என்ன டிரைவரே?

— நாலு. உள்ள இரும்புச் சட்டம்.

— பிரிச்சே பார்க்காம சொல்றார் பாருங்க. அதுதான் அனுபவம். இப்ப விஷயத்துக்கு வர்றேன். நீங்க எனக்குக் கொடுக்கிற காசுல நான் சாப்பிடுறது கொஞ்சம்தான். ஆள் கூலி, டீசல் போக மீதிப் பாதி கிடங்குக்காரனுக்குப் போயிடும். உள்ள போறப்ப லாரியை எடை போடுவான். கொட்டிட்டு வெளிய வர்றப்ப இன்னொரு தடவை எடை. நடுவுல இருக்கிற வித்தியாசத்துக்குக் காசு. மெத்தைக்குத் தனி. ஃப்ரிட்ஜுக்குத் தனி, உள்ள குளிர வைக்கிற காத்தை எடுக்கணுமாம்.

— காத்துக்கும் காசா?

— காத்துக்குத்தாம்மா அதிகம். சாமானை வாங்குறதுக்கு ஒரு தடவை கொடுக்கிறோம், விட்டுத் தொலைக்கிறதுக்கு ஒரு தடவை கொடுக்கிறோம். பிறந்தாலும் செலவு, செத்தாலும் செலவுங்கிற மாதிரி.

— எவ்வளவு சார்?

— கட்டில் வரைக்கும் வழி பண்ணவே மூணு லோடு. அறுபதாயிரம்.

— எங்கிட்ட இருபத்தஞ்சுதான் இருக்கு. அதுவே சிநேகிதி கிட்ட கைமாத்து.

— இருபத்தஞ்சுக்கு ஒரு லோடு எடுக்கலாம்.

— ஒரு லோடுல கட்டில் வரைக்கும் வழி கிடைக்குமா?

— வாசல்லேருந்து இந்தச் சோபா வரைக்கும் கிடைக்கும்.

— அப்ப சக்கர நாற்காலியை ஹால்லயே நிறுத்தி, அம்மாவை இந்த ஈர மெத்தையிலயா படுக்க வைக்கிறது?

— கோபப்படாதீங்கம்மா. மத்த கம்பெனிக்காரன்கிட்டப் போய்க் கேளுங்க, எண்பதுக்குக் குறைஞ்சு வாயே திறக்க மாட்டான். நான் இந்த ரெண்டு வருஷத்துல விலையை ஏத்தவே இல்ல. ஏன் தெரியுமா? இதோ நிக்கிறாரே, இவரால. கிடங்கு பில்லை மூணுல ஒரு பங்கு குறைச்சுக் காட்டியிருக்கார். ஏத்துற லோடுல நல்லதாப் பார்த்துப் பிரிச்சு, இல்லாதவங்களுக்குக் கொடுத்துட்டு வந்துடுவார். மிச்சம் பிடிக்கிறதுல பாதி உனக்குன்னு நானும் சொல்லியிருக்கேன். அவருக்கும் புண்ணியம், எனக்கும் லாபம்.

— முதலாளி, இந்த வேலை நமக்கு வேண்டாம். வாங்க போகலாம்.

— ஒரு ஏழைப் பொண்ணு நிக்குது, வேண்டாங்கிறியே. இருங்கம்மா, அந்த உள் ரூமையும் பார்த்துட்டா குறைக்க முடியுதான்னு சொல்றேன். இருட்டா இருக்கே. லைட் எங்க?

— கதவுக்குப் பின்னாடி, கீழ் சுவிட்ச்.

— அதென்ன, இந்த வீட்டுக்கு வந்து ரெண்டு நாளாச்சு, எனக்கே இந்தச் சுவிட்சைத் தேடிக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆச்சு. டிரைவருக்கு எப்படித் தெரியும்?

— சும்மா, பழைய வீடுன்னா அப்படித்தாங்க இருக்கும்.

— அடேயப்பா. பல் டாக்டர் நாற்காலி. சாயுறது, எச்சில் துப்புற தொட்டி எல்லாம் அப்படியே இருக்கு. உங்கம்மா பல் பிடுங்கினாங்களா?

— விளையாடாதீங்க சார். எங்கம்மா தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்தவங்க. இதை எங்கேருந்து, எப்படித் தூக்கிட்டு வந்தாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. இதோ, இந்த அலமாரிதான் அன்னிக்குச் சரிஞ்சது. குப்புறக் கிடக்கு பாருங்க.

— பார்க்கிறேன். இதுக்கும் மூணு ஆள்... இருங்க. நான் இப்பத்தானே இந்த ரூமுக்குள்ள வர்றேன்?

— ஆமா.

— இதுல யார் மஞ்சள் குறி போட்டது?

— நீங்கதானே போட்டுக்கிட்டே வர்றீங்க?

— நான் இன்னும் கட்டியையே எடுக்கலம்மா. பெருக்கல் குறி. கீழ மூணு. இந்த மூணு என்னோட மூணு. என் சம்சாரம் இதைப் பார்த்துட்டு, நம்பரா, நல்ல பாம்பான்னு கேப்பா. டிரைவரே.

— முதலாளி.

— அந்தப் பல் டாக்டர் நாற்காலியைத் திருப்புங்க.

— கனமா இருக்கும் முதலாளி, ரெண்டு ஆள் வேணும்.

— ரெண்டு ஆள்னு நான்தானே அன்னிக்கு எழுதினேன். திருப்பு.

— நீங்க ரெண்டு பேரும் என்ன பேசுறீங்க? எனக்கும் புரியுற மாதிரி சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்லுறது? போன வருஷம் ஒரு பல் ஆஸ்பத்திரியைக் காலி பண்ணினோம். அந்த நாற்காலி இது. இந்த அலமாரி ஒரு பள்ளிக்கூடத்துது. ஹால்ல கிடக்கிற சோபா எதுன்னு இப்பப் புரியுது, லாட்ஜ் ஒண்ணை மூடினாங்களே, அது. இந்த வீட்டுல இருக்கிறது உங்கம்மா சேர்த்த சாமான் இல்லம்மா. நான் காசு வாங்கிட்டு ஊரெல்லாம் காலி பண்ணின சாமான். எத்தனை லோடு இங்க இறக்கின?

— நாப்பது இருக்கும் முதலாளி. சின்னச் சின்னதா. முழு லோடு இல்ல.

— இல்லாதவங்களுக்குக் கொடுத்தேன்னு சொன்னியே.

— ஆரம்பத்துல கொடுத்தேன். எல்லாரும் எத்தனை சோபா வாங்குவாங்க? நீங்க மாசம் பொறந்தா பில்லைப் பார்த்து, இன்னும் குறையணும், இன்னும் குறையணும்னீங்க. குறி வெளிய தெரியாம சுவர்ப் பக்கமாத் திருப்பித் திருப்பி வச்சேன். அந்த அலமாரி சரிஞ்சிருக்காட்டி...

— சரிஞ்சிருக்காட்டியா? எங்கம்மா மேல சரிஞ்ச அலமாரியைப் பத்திப் பேசுறீங்க, ஞாபகம் வச்சுக்குங்க. தனியா இருக்கிற வயசானவங்க வீடுன்னா உங்களுக்கு என்ன குப்பைத் தொட்டியா? ஜன்னல் வழியா இறக்கினப்ப எங்கம்மா வலியில கத்தினதைத் தெருவே நின்னு பார்த்துச்சு. டாக்டர் என்னைத் திட்டறார், பெத்த பொண்ணு கவனிக்கலேன்னு. நானும் ஆஸ்பத்திரியில உக்காந்து, ஏம்மா இப்படிப் பைத்தியக்காரி மாதிரி பண்ணினேன்னு அவங்களைத்தான் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

— உக்காருங்கம்மா.

— எங்க சார் உக்காரச் சொல்றீங்க? இந்தப் பல் டாக்டர் நாற்காலியிலயா? நீங்களும்தான். ரெண்டு வருஷமா சாமான் எங்க போகுதுன்னு ஒரு நாள்கூட நீங்க கேக்கலையா?

— பில் குறையுறப்ப யாரும்மா கேள்வி கேக்கிறா. ஏறினா கேப்பேன்.

— நல்லா இருக்கு.

— நல்லா இல்லதான். கேக்காம இருந்தது என் தப்பு. சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்தத் தடவை நிஜமாவே வர்றேன். உங்க இருபத்தஞ்சு உங்ககிட்டயே இருக்கட்டும். எத்தனை லோடு ஆனாலும், நாளைக்குக் காலையில ஆறு ஆளோட வந்து எடுத்துடுறேன். வியாழக்கிழமை சாயங்காலம் நீங்க இங்க ஓட்டப்பந்தயம் வைக்கலாம். கிடங்குல கொட்டுற காசு பாதி நான் போடுறேன். பாதி இவர். மிச்சம் பிடிச்சதுல பாதி வாங்கினார்ல, எடுத்து வைக்கட்டும்.

— போடுறேன் முதலாளி. ஆனா என் பங்கு முழுசா என்கிட்ட இல்ல. அதுல பாதிதான் எனக்கு நின்னுச்சு.

— மீதி? சீட்டாடினியா?

— அந்த அம்மா கைல கொடுத்தேன்.

— எந்த அம்மா?

— இவங்கம்மாதான்.

— பொய் சொல்லாதீங்க. எங்கம்மா காசு வாங்கினாங்களா? இந்த வீட்டுல நான் பார்க்காத டிராயர் இல்ல. பாஸ்புக்குல முந்நூறு ரூபாய் கிடக்கு. ஃப்ரிட்ஜைத் திறந்தா ஒரு பாக்கெட் பால், நாலு முட்டை. கண்ணாடியில ஒரு காதுக்குக் கம்பியே இல்ல, நூல் கட்டி மாட்டிக்கிட்டு இருந்தாங்க.

— நான் எதுக்குங்க பொய் சொல்லப் போறேன்? உங்கப்பா கட்டிலை எடுக்கச் சொல்லி அவங்கதான் முதல்ல கூப்பிட்டாங்க. விலையைச் சொன்னதும், ஒரு கட்டிலுக்கு ஏன் இவ்வளவுன்னு கேட்டாங்க. கிடங்குல கொட்டக் காசு கொடுக்கணும், அதுலயே பாதி போயிடும்னு முதலாளி சொல்ற மாதிரியே சொன்னேன். அப்புறம் கேட்டாங்க, அங்க கொட்டாட்டி உனக்கு எவ்வளவு மிஞ்சும், அதுல பாதி எனக்குக் கொடு, மாடி ரூம் சும்மாத்தான் கிடக்குன்னு.

— அந்த அம்மாவே கேட்டாங்களா?

— அவங்களேதான் முதலாளி. பேரத்துல உங்களுக்கு மேல. ஒவ்வொரு சாமானையும் ஒரு நோட்டுல எழுதுவாங்க. மெத்தைன்னா இவ்வளவு, அலமாரின்னா இவ்வளவுன்னு கிடங்கு மாதிரியே விலை வச்சிருந்தாங்க. ஒரு தடவை ஈர மெத்தை இறக்கினதுக்குக் கூடக் கேட்டாங்க.

— இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே.

— சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. முதல்ல மாடி ரூம். அது நிறைஞ்சதும், போதும்மா, விட்டுடலாம்னேன். கேக்கலை. மாசக் கடைசியில போன் வரும். தம்பி, இன்னும் ரெண்டு லோடு வந்தாத்தான் சரியா வரும், ஹாலை எடுத்துக்கோன்னு. அப்புறம் இந்த ரூம். கடைசியா அவங்க படுக்கிறதுக்கு அடுப்புப் பக்கம் ஒரு பாய் அகலம்தான் இருந்துச்சு. அதுக்கப்புறமும் போன் வந்துச்சுங்க. நான்தான் எடுக்கலை.

— என்ன சரியா வரணும்? எதுக்கு அவ்வளவு பணம்?

— நான் கேட்டதில்லைங்க. முதல் தேதி காலையில பத்து மணிக்கு முன்னாடி கைல இருக்கணும்பாங்க. வாங்கின கையோட செருப்பை மாட்டிக்கிட்டு என் லாரியிலயே ஏறி, போஸ்ட் ஆபீஸ் வாசல்ல இறங்கிக்குவாங்க.

— முதல் தேதியா?

— ஒரு மாசம்கூடத் தப்பாதுங்க.

— என்னம்மா, ஏன் அப்படி நிக்கிறீங்க? தண்ணி வேணுமா?

— டிரைவர், இது எப்ப ஆரம்பிச்சுது? எந்த மாசம்னு ஞாபகம் இருக்கா?

— முந்தின வருஷம், பள்ளிக்கூடம் திறந்த மாசம். ஏங்க?

— எனக்கு வேலை போனது அதுக்கு முந்தின மாசம். பென்ஷனை ஏத்திட்டாங்கடி, எனக்கு எதுக்கு இவ்வளவுன்னு சொல்லி, அன்னிலேருந்து என் வீட்டு வாடகையை மாசாமாசம் அம்மாதான் அனுப்பிக்கிட்டு இருக்காங்க.