ரெங்கம்மாள் காய்ச்சிய தப்பு

நடுச்சாமம் தாண்டியிருக்கும். நன்னிலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் கரையோடு போகிற வண்டிப்பாதை... ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் சுடுகாடு. கிட்ட வந்து உட்காருங்கள், சத்தமாகச் சொல்கிற சங்கதி இல்லை. என் கூட்டாளி முருகையனின் பெரியப்பா வீரையனுக்கு நடந்தது இது.

தி.மு.க. ஆட்சிக்கு வந்த புதிது. அறுவடைக் கூலி கூட்டிக் கேட்டு ஊருக்கு ஊர் செங்கொடி ஏறியிருந்த தை மாதம். கூலிக்காரர் தெருவையே கொளுத்துவோம் என்று மிராசுதார் ஆட்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வீரையன் தப்படிக்கிறவர்; பறையைத்தான் எங்கள் பக்கம் தப்பு என்பது. அவர் தப்புச் சத்தம் கேட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடிவிட வேண்டும் என்பது தெருவில் பேசிவைத்த பேச்சு.

அந்தத் தப்பைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டவள் அவர் மனைவி ரெங்கம்மாள். பனி பட்டால் தோல் தொய்ந்துவிடும் என்று பழம்புடவையில் சுற்றி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவாள். அடிக்கிற நாளில் வைக்கோல் தணலில் காட்டி, கருகாமல் திருப்பித் திருப்பிக் காய்ச்சித் தருவாள்.

அன்று சாயங்காலம்தான் அவளை எரித்தார்கள். பாம்புக்கடி. அவள் சாவுக்கும் அவரேதான் அடித்தார்.

எல்லோரும் போன பிறகும் வீரையன் சிதை ஓரத்திலேயே கிடந்தார். தப்பு பனியில் கிடந்தது...

பாதையில் தீப்பந்தங்கள். பத்திருபது பேர். பேச்சே இல்லை. மண்ணெண்ணெய் வாடை மட்டும். அவரைக் கவனிக்காமல் தாண்டித் தெருப்பக்கம் போனார்கள். அங்கே அவருடைய மூன்று வயது மகள் தங்கம்மாள், அத்தை வீட்டில் தூங்குகிறாள். ஓடினாலும் இவர்களை முந்த முடியாது.

தப்பை எடுத்து அடித்தார். பொத்... பொத்... ஈரச் சாக்கை அடித்த மாதிரி. சுற்றிக் கிடந்த வைக்கோலெல்லாம் நனைந்திருந்தது. தணல் இருந்தது ஒரே இடத்தில்தான்.

"ரெங்கு... மன்னிச்சுக்க புள்ள."

அழுதுகொண்டே சிதைக்கு மேலே பிடித்தார். தோல் முறுகியது. டிக்... டிக்... மயிர் பொசுங்குகிற வாடை.

காதோரம் ஒரு மூச்சு.

"திருப்புய்யா... கருகிடப் போவுது."

திருப்பினார். பின்னால் பார்க்கவில்லை. அடித்தார். கணீரென்று வயலைத் தாண்டிப் போனது சத்தம். பந்தங்கள் நின்றன. இரண்டு பந்தம் அவர் பக்கம் திரும்பியது. கல் ஒன்று நெற்றியைப் பிளந்தது. அவர் கை நிற்கவில்லை...

வீடுகள் எரிந்தன. ஆட்கள் தப்பித்தார்கள்.

விடிகிற நேரம் ஆற்று மணலில் தெரு முழுக்கக் குந்தியிருந்தது. ரத்தம் வழிய வந்த வீரையனைக் கண்டதும் தங்கை நீலாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கைப்புள்ளயத் தூக்கிட்டு ஓடியாந்துட்டேண்ணே... தங்கத்த எடுக்கத் திரும்பிப் போறதுக்குள்ள கூரை புடிச்சிக்கிச்சு..."

அவர் அப்படியே மணலில் விழுந்தார். அப்போது யாரோ கூப்பிட்டார்கள். தள்ளி, நாணல் ஓரத்தில் ஒரு குழந்தை தூங்குகிறதாம்.

தங்கம்தான். ஒரு காயமில்லை. யார் தூக்கி வந்தது என்று கேட்டால், நானில்லை நானில்லை என்கிறார்கள் அத்தனை பேரும்.

வாரி எடுத்துத் தோளில் போட்டார். குழந்தையின் சட்டையில்லாத முதுகில் சாம்பலாய் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக.

தொட்டுப் பார்த்தார்.

சாம்பல் இன்னும் சுட்டது.