கடலுக்குப் பயந்தவன்

தருவைகுளம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், மடியில் காலி மீன் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“கடலுக்குப் பயந்து பட்டாளத்துக்குப் போனவன் எம்மவன் ஒருத்தனாத்தான் இருப்பான்” என்றாள் சிவப்புச் சேலைக்காரி.

நான் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

“வள்ளத்துல கால வச்சாலே வாந்தி எடுப்பானே மிக்கேலு. அங்கன என்னளா பண்ணுதான்?” என்றாள் மற்றவள்.

“எல்லையில குண்டு விழுந்திருக்கு. கூட இருந்த தடியனுவ எல்லாம் வெலவெலத்துப் போயி உக்காந்துட்டானுவளாம். இவன்தான் அடிபட்டவன முதுகுல தூக்கிட்டு வந்திருக்கான்.”

“மிக்கேலா?”

“ஆபீசருக்கும் ஆச்சரியம். எப்படிடா முடிஞ்சுதுன்னு கேட்டாராம். ‘சார், அவங்களுக்குப் பயம் இன்னைக்குத்தான் வந்திருக்கு. நான் எங்கப்பாகூட தெனமும் பயந்துகிட்டேதான் வள்ளம் ஏறுனேன்’னு சொல்லிருக்கான்.”

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை.

“லீவுக்கு வாரானா?”

“கிறிஸ்மஸுக்கு வாரான். அப்பாகூட கடலுக்குப் போணுமாம்.”

“அப்ப பயம் தெளிஞ்சிட்டாக்கும்?”

“அதெல்லாம் இல்லளா. வாந்திக்கு மாத்திர வாங்கி வைக்கச் சொல்லிருக்கான்.”