தேதி இருந்த வரி

ஆரணி, 13.9.2008

எங்கள் தெருவில் மதியம் கரண்ட் போன பிறகுதான் சாப்பாடு. இரண்டு மணிக்குப் போனால் நாலு மணிக்கு வரும். அந்த இரண்டு மணி நேரம் எந்த மிஷினும் ஓடாது. பக்கத்து வீட்டில் தாளிக்கிற சத்தம்கூடக் கேட்கும். ஆனால் சாப்பிட்டவர்கள் எல்லோரும் படுத்துவிட மாட்டார்கள். மிஷின் நின்றிருக்கும்போது மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. அறுந்துபோன பட்டு இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுவது அதில் ஒன்று. முருகேசன் ஷெட்டில் அந்த வேலையை ஜெயம் அக்கா செய்வார், தினமும், சாப்பிட்ட கையோடு.

இது எனக்குத் தெரியும். நேற்று நீங்கள் பட்டறைக்கு விசாரணைக்கு வந்து கேட்டபோது தெரியாது என்று சொன்னேன். நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடியும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். அம்மா தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் கேட்டால் மறுபடியும் தெரியாது என்றுதான் வாயில் வரும் சார்.

பட்டறை என் சித்தப்பாவுடையது என்பது உங்களுக்குத் தெரியும். மாணிக்கவேல் சித்தப்பா. தறிக்கான நீள இழைகளை, பட்டுப் பாவை, ஓட்டுகிற டிரம்முக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்து தருகிறார். டிரம் என்பது ஆள் உயரத்தைவிடப் பெரிய மரச்சட்ட உருளை. மோட்டார் அதைச் சுற்றும், இழைகள் அதன்மேல் படிந்துகொண்டே வரும். எத்தனை சுற்று என்று எண்ணுவதும் சரியான சுற்றில் நிறுத்துவதும் எங்கள் பெட்டியின் வேலை. ஊரில் பன்னிரண்டு ஷெட்டில் இருக்கிறது. பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராமை முதலில் எழுதியவர் தனசேகரன் சார். இதே ஊர்க்காரர், இப்போது பெங்களூரில் சொந்தக் கம்பெனி வைத்திருக்கிறார். அதில் அவ்வப்போது திருத்தங்கள் செய்து தருவது நானும் அகல்யாவும். இரண்டு பேரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அவள் தெள்ளாருக்குப் பக்கத்துக் கிராமம். அவள் அப்பா அம்மா கூலி வேலைக்குப் போகிறவர்கள். லீவு நாளில் அவளும் போவாள்.

திருத்தம் செய்கிற முறையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வரியை எடுத்தோம், எந்த வரியைச் சேர்த்தோம் என்பது மட்டும் ஒரு சின்னக் கோப்பாக மெயிலில் வரும். அதைப் பேட்ச் என்போம். அதன் தலையில் மூன்று வரி இருக்கும். எழுதியவர் பேர், எழுதிய தேதி, எதற்காக எழுதியது. பட்டறைக் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பை நான் கிட் என்கிற சாஃப்ட்வேருக்குக் கொடுப்பேன். ஒரே ஒரு கட்டளைதான். அது புரோகிராமைத் திருத்திவிட்டு, அந்தப் பேரையும் தேதியையும் காரணத்தையும் அப்படியே லாக் என்கிற பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளும். கொடுத்தவள் நானாக இருந்தாலும் எழுதியவள் பேர்தான் நிற்கும். ஒருத்தர் உழைப்பை இன்னொருத்தர் எடுத்துக்கொள்ள முடியாது என்று தனசேகரன் சார் பெருமையாகச் சொல்வார். எனக்கும் அந்த முறை பிடிக்கும். யாருடைய பேரையும் நான் ஒருநாளும் மாற்றியதில்லை.

ஆகஸ்டில் நான் ஒரு பேட்ச் எழுதினேன். அதுவரைக்கும் கரண்ட் போய் வந்தால் சுற்று எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். பாவு வீணாகும், ஷெட்காரர்கள் வந்து சித்தப்பாவைத் திட்டுவார்கள். கரண்ட் போகிற நொடியில் இருந்த நிலையைப் பெட்டி ஞாபகம் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கும்படி செய்தேன். சித்தப்பா டீக்கடையில் நின்று ஊருக்கே சொன்னார். "எங்கண்ணன் பொண்ணு செஞ்சது. நமக்கெல்லாம் நேத்து இன்னா துண்ணோம்னே ஞாபகம் இல்ல, பெட்டிக்கு ஞாபகம் கீது பாரு." அந்த மாதம் எங்கள் தெருவில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை.

செப்டம்பர் இரண்டாம் தேதி லேபில் அகல்யா என் நாற்காலியைத் திருப்பினாள்.

"ஏய் பரிமளா, உன் பெட்டி எண்ணிக்கைய மட்டும் ஞாபகம் வெச்சிக்கலடி. ஓடிகினு இருந்ததையும் ஞாபகம் வெச்சிக்குது. கரண்டு வந்தா பட்டன தொடாமலே மோட்டார் ஓடுது."

"நல்லதுதானே? ஒரு வேலை மிச்சம்."

"யாராச்சும் உள்ள கைய வுட்டுகினு இருந்தா?"

"நாலு மணிக்கு வரும்னு எல்லாருக்கும் தெரியும்டி."

"எல்லாருக்கும் தெரியும். கரண்டுக்குத் தெரியுமா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் லேபில் உட்கார்ந்து பேட்ச் எழுதி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனாள். மறுநாள் விநாயகர் சதுர்த்தி. அதற்கு மறுநாள், நாலாம் தேதி வியாழக்கிழமை, வந்தவாசியில் ஒரு பிரௌசிங் சென்டரிலிருந்து அனுப்பினாள். பதினோரு வரி. நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஆனால் பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் டிரம் ஓடும். தப்பே இல்லை. காரண வரியை இங்கிலீஷில் எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: பரிமளாவின் ஆகஸ்ட் மாற்றத்தால் கரண்ட் வந்ததும் டிரம் தானே ஓடுகிறது, கை சிக்கும்.

பதினைந்தாம் தேதி தனசேகரன் சார் வருவதாக இருந்தது. லாக்கைப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரில் ஒருத்தியைத் தன் கம்பெனிக்கு எடுத்துக்கொள்வார், படிப்பையும் அங்கேயே முடிக்க வைப்பார் என்று பேச்சு. லாக்கில் என் பேட்சுக்கு நேர் மேலே அந்தக் காரண வரி உட்கார்ந்திருக்கும். அதைத்தான் அவர் முதலில் படிப்பார்.

நான் பேட்சை வேண்டாம் என்று தள்ளவில்லை. பதினாறாம் தேதி போடலாம் என்று வைத்தேன். பன்னிரண்டு நாள்தான். தினமும் கரண்ட் சொன்ன நேரத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தது, ஷெட்காரர்களும் இரண்டு மணிக்கு முன்பே டிரம்மை நிறுத்திவிடுவார்கள்.

எட்டாம் தேதி வகுப்பில் அகல்யா கேட்டாள். "போட்டுட்டியாடி?"

"போட்டாச்சு. ஒவ்வொரு ஷெட்டா ஏத்திகினு இருக்கேன்."

"மொதல்ல முருகேசன் ஷெட்டுக்கு ஏத்து. அந்தக்கா எப்பப் பாத்தாலும் உள்ளயே கைய வெச்சிகினு கீது."

"சரிடி, பேஜார் பண்ணாத."

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை நான் பாலிடெக்னிக்கிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. "இன்னிக்கு ஜல்தியா வந்துட்டுது" என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நாற்பது. ஈரக் கையோடு அப்படியே நின்றேன். மூன்று வீடு தள்ளி முருகேசன் ஷெட். மதியம் கரண்ட் ஒன்றே முக்காலுக்கே, டிரம் ஓடும்போதே போய்விட்டதாக அம்மா சொல்லியிருந்தாள். சத்தம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு சத்தமும் வந்தது.

வேலூருக்குக் கொண்டுபோனார்கள். வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை நான் போனேன். ஜெயம் அக்காவுக்குத் தலை சீவி விட்டேன். இடது கையால் என் முகத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நீ எதுக்குடி கண்ணு அழுவுற? ஏன்டி, அது ஏன் தானா ஓடுச்சு? நான் பட்டன தொடவே இல்லியே."

"தெரியலக்கா."

"நீ படிச்ச பொண்ணு. உனக்கே தெரியலன்னா போ" என்று சிரிக்கப் பார்த்தார்.

அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் யாரும் இல்லை. அகல்யாவின் பேட்சை நோட்பேடில் திறந்தேன். தேதி வரியில் 2 என்று இருந்ததை 14 ஆக்கினேன். அவள் பேரை அப்படியே விட்டேன். காரண வரியைக்கூட விட்டேன். கீழே இருந்த பதினோரு வரியில் ஓர் எழுத்தைத் தொடவில்லை. பழைய மெயிலை மட்டும் அழித்தேன். எங்கள் மெயில் கம்ப்யூட்டருக்கு இறங்கியதும் வெளியே நகல் நிற்காது, அனுப்பியவர் பக்கமும் நகல் வைக்காது. திங்கட்கிழமை காலையில் கட்டளை கொடுத்து, சாயங்காலத்துக்குள் எல்லாப் பெட்டிகளிலும் ஏற்றிவிட்டேன். வெள்ளியிலிருந்து திங்கள்வரை மற்றப் பதினோரு ஷெட்டும் பழைய புரோகிராமில்தான் ஓடின. ஞாயிற்றுக்கிழமை தேதி போட்ட பேட்சை அதற்கு முன்னால் ஏற்ற முடியாது இல்லையா. அந்த மூன்று நாளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் அகல்யாவுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். விபத்து நடந்து இரண்டே நாளில் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தியவள் என்றுதான் லாக் சொன்னது. விபத்தால் மூன்று நாள் தள்ளி, வியாழக்கிழமை தனசேகரன் சார் வந்து பார்த்ததும் அதைத்தான் சொன்னார். "சபாஷ்ம்மா. ரெண்டு நாள்ல புடிச்சிட்ட." அவள் சும்மா இருந்திருந்தால் வேலை அவளுக்கே கிடைத்திருக்கும். நான் விட்டுக்கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன்.

அவள் சும்மா இருக்கவில்லை.

"இல்ல சார். நான் ரெண்டாம் தேதியே எழுதிட்டேன். நாலாம் தேதி அனுப்பிட்டேன். போட்டாச்சுன்னு இவ சொன்னா." என் பக்கம் திரும்பினாள். "சொல்லுடி."

"எந்தப் பேட்சு?" என்று கேட்டேன்.

அவள் பென் டிரைவை எடுத்துக் காட்டினாள். அதில் தேதி 2 என்றுதான் இருந்தது. நான் சொன்னேன், "தேதின்றது ஒரு வரிதான் சித்தப்பா. நோட்பேடுல தொறந்து யாரு வேணா மாத்திக்கலாம்." இது உண்மை. அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள்.

சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஒரு பொம்பளயோட கை போயிருக்குது. அதுல நீ முன்னாடியே சொன்னேன்னு பேர் வாங்கப் பாக்குறியா? வெளிய போம்மா."

பட்டறையில் எங்களுக்கெல்லாம் டீ எவர்சில்வர் டம்ளரில் வரும். அகல்யாவுக்கு மட்டும் பேப்பர் கப்பில் வரும். ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. அன்றைக்கு சித்தப்பா அவ்வளவு சீக்கிரம் என்னை நம்பியபோது அவள் கையில் அந்தக் கப் இருந்தது. அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சொன்னாள், "வந்தவாசி சென்டர்ல நோட்டு கீது. பேரு, நேரம், கையெழுத்து எல்லாம் போட்டுட்டுத்தான் உள்ள வுடுவாங்க. போய்ப் பாருங்க."

தனசேகரன் சார் யோசித்தார். நியாயமானவர். "யாராவது போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

"நான் போறேன் சார்" என்றேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் போனேன். சென்டர்காரர் ஒன்றும் கேட்காமல் நோட்டைக் கொடுத்தார். செப்டம்பர் நாலாம் தேதிப் பக்கத்தில் ஏழாவது வரி. அகல்யா, 4.10 முதல் 4.35 வரை, நீல மை. பேருக்குக் கீழே சின்னதாகக் கோடு போட்டிருந்தாள். பரீட்சைப் பேப்பரிலும் அப்படித்தான் போடுவாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழித்திருக்கலாம். அவர் ஃபோனில்தான் இருந்தார். நான் கிழிக்கவில்லை. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு, ஊருக்கு வந்து, அந்தத் தேதியில் அவள் பேர் இல்லை என்று சொன்னேன். யாரும் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை.

அகல்யா இப்போது பாலிடெக்னிக்குக்கும் வருவதில்லை. அவள் பெஞ்சில் நான் மட்டும் உட்காருகிறேன். பெங்களூரில் வருகிற திங்கட்கிழமை நான் சேர வேண்டும். ஜெயம் அக்கா இடது கையால் ஒரு கவரில் மஞ்சள் குங்குமம் போட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதைப் பிரிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் நேற்றுக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அது தானாக ஓடும் என்று யாருக்காவது முன்பே தெரியுமா? அகல்யாவுக்குத் தெரியும், அவள் எட்டு நாள் முன்பே எழுதி அனுப்பினாள். எனக்குத் தெரியும், நான் போடவில்லை. ஜெயம் அக்காவின் கையை எடுத்தது நான்தான். அகல்யாவைப் பொய்க்காரி ஆக்கியதும் நான்தான். வந்தவாசி நோட்டு அங்கேயே இருக்கும், போய்ப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று சார். இன்றைக்குத் தேதி செப்டம்பர் முப்பது. மேலே பதின்மூன்று என்று போட்டிருக்கிறேன். வேலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேனே, அந்த நாள். அது ஒரு வரிதான். அதற்குக் கீழே ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.