மொட்டைமாடி செக்கிங்

...தண்ணி புகாத டப்பாவாம்! யாருகிட்ட கத விடறாங்க? பாத்து சார், அந்த நிலை கொஞ்சம் தாழ்வு, தலைய இடிச்சுக்காதீங்க. போன மாசம் தொட்டி கழுவ வந்தவரு இடிச்சுக்கிட்டாரு, அதுக்கும் என்னத்தான் மொறச்சாரு. ஆங், வாங்க வாங்க. இதான் மாடி. அதோ, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல சுவத்துல சாம்பல் கலர்ல ஒண்ணு மாட்டியிருக்கே, அதான் உங்க கம்பெனி டப்பா. இந்தப் பத்து சோலார் தகட்டுலேர்ந்தும் வர்ற வயரெல்லாம் அதுக்குள்ள போய் ஒண்ணாச் சேந்து, கீழ மெஷினுக்கு எறங்குது. வெயிலு, மழ, தூசி, எதுவும் உள்ள போகவே போகாதுன்னு அட்டப்பெட்டி மேல குட படம் வேற போட்டிருந்துச்சு. குட! நாப்பது நாளா கீழ மெஷின்ல செவப்பு லைட்டு எரியுது சார். பத்து தகடும் தண்டமா வெயில் காஞ்சுக்கிட்டு கெடக்கு.

உக்காருங்க, நாற்காலி போட்டு வச்சிருக்கேன். வேண்டாமா? சரி, நில்லுங்க. மூணு புகார் எழுதினேன் சார். மூணு! முதல் ரெண்டுக்கு ஒரு பதிலும் இல்ல. மூணாவதுல கொஞ்சம் காரமா எழுதினேன், இன்ஜினியரே வந்துட்டீங்க. அப்பவே காரமா எழுதியிருக்கணும்.

கையில என்ன ஃபாரம்? காட்டுங்க... கண்ணாடி கீழ இருக்கு, பரவால்ல, தெரியுது. 'பொருளின் குறை', 'பொருத்தியவரின் தவறு', 'வேறு காரணம்'. மூணுல ஒண்ணுல டிக் போடணும், அவ்வளவுதானே? ரெண்டாவதுல போட்டா என்ன ஆகும்?... லைசென்ஸ் ரத்தா?... ம். தெரியும். என் பொண்ணு ஃபோன்ல அவ அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தா, பக்கத்து ரூம்ல இருந்தேன், காதுல விழுந்துச்சு. என்கிட்ட சொல்லல. என்கிட்டதான் அவ பேசியே அஞ்சு வாரம் ஆச்சே.

ஆமா சார், அதத்தான் சொல்ல வந்தேன். இத மாட்டினது வேற யாரும் இல்ல, என் மாப்ள. உங்க கம்பெனி லைசென்ஸ்லதான் அவரும், கூட ஒரு ஆளுமா வீடு வீடாப் போய் மாட்டறாங்க. அதான் பொழப்பு. ஆனா சொந்தக்காரங்கறதுக்காக நான் கண்ண மூடிக்கிட்டு இருக்க முடியுமா? வேலன்னா வேலதான். நான் அப்படி வளந்தவன்.

பிஸ்கட் ஃபாக்டரில முப்பத்தோரு வருஷம் சார். செக்கிங் செக்‌ஷன். தகர டப்பா வரிசையா வந்துக்கிட்டே இருக்கும். எல்லாம் பளபளன்னு ஒரே மாதிரி. மூடி சரியா ஒக்காந்திருக்கா, காத்து போவுதான்னு வெளியேர்ந்து பாத்தா சொல்ல முடியுமா? முடியாது. நூறு டப்பாக்கு ஒரு டப்பா எடுப்பேன். டக்குனு திறப்பேன். ஒரு பிஸ்கட்ட எடுத்துக் காதுகிட்ட வச்சு ஒடைப்பேன். சத்தம் வந்தா சரி. வரலன்னா மூடில கோளாறு. அங்க என்ன 'ஓப்பனர்'னுதான் கூப்பிடுவாங்க. மேனேஜரே அப்படித்தான் கூப்பிடுவாரு. மரியாதையாத்தான்.

அத விடுங்க. இத பாருங்க, மூடில ஐ.பி. அறுபத்தஞ்சுன்னு பொறிச்சிருக்கு. அது என்ன அறுபத்தஞ்சு? நூத்துக்கா? அப்ப மீதி முப்பத்தஞ்சுக்கு யாரு பொறுப்பு?... மார்க் இல்லயா?... தூசிக்கு ஆறு, தண்ணிக்கு அஞ்சு. ஓஹோ. அப்ப தண்ணிக்கு ஒண்ணு கொறச்சலாத்தான் குடுத்திருக்கீங்க. நான் சொன்னதும் அதேதான் சார், நீங்க ரெண்டாப் பிரிச்சுச் சொல்றீங்க.

திறக்கறீங்களா? திறங்க திறங்க. அதுக்குத்தானே வந்தீங்க... கீழ மெஷின நிறுத்தணுமா? நீங்க வந்ததுமே நிறுத்தியாச்சு. இங்கயும் சுவிட்சு அமத்தணுமா? அமத்துங்க. நான் அதெல்லாம் பாக்கறதில்ல, ரப்பர் செருப்பு போட்டுப்பேன்... ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? நல்ல செருப்பு சார்.

ரெண்டு ஸ்க்ரூதான் இருக்கும். நாலு ஓட்ட இருக்கு, ரெண்டு ஸ்க்ரூ. அது தெரிஞ்ச விஷயந்தான், குறிச்சுக்க வேண்டாம். மீதி ரெண்டும் கீழ பொத்தான் டப்பால பத்திரமா இருக்கு. ஒவ்வொரு தரமும் நாலையும் கழட்டி மாட்டறதுன்னா கை வலிக்காதா? மூல விட்டு மூல ஒண்ணொண்ணு, எதிரெதிரா போட்டா நல்லாத்தான் நிக்குது.

ஒவ்வொரு தரமும்னா... செக்கிங் சார், செக்கிங்! மாட்டிட்டுப் போயாச்சு, ஒழுகாதுன்னு வாயால சொல்லியாச்சு, அதோட விட்டுடறதா? ஏம்மா! ஏம்மா, அந்த நீல நோட்டு! ஃப்ரிட்ஜ் மேல! கொண்டு வா, சார் பாக்கணுங்கறாரு!... நீங்க கேக்கலதான், ஆனா பாக்கணும்.

இதான் சார் எங்க வீட்டம்மா. குடு. இந்தாங்க. கோடு போட்டு நாலு பத்தி பிரிச்சு வச்சிருக்கேன். தேதி, நேரம், மழை, நிலவரம். படிங்க, சத்தமாவே படிங்க. சரி, நானே படிக்கறேன். 'தூறல். திறந்தேன். உள்ளே ஈரம் இல்லை.' 'நல்ல மழை. திறந்தேன். உள்ளே ஈரம் இல்லை.' 'கன மழை, காற்று. திறந்தேன். உள்ளே ஈரம் இல்லை.' இப்படி யாரு சார் வச்சிருப்பா? உங்க கம்பெனில இருக்கா? இப்ப இங்க பாருங்க, பதினொண்ணாவது. 'கன மழை. திறந்தேன். உள்ளே ஈரம்.' செவப்பு மைல எழுதியிருக்கேன். மறுநாளே மொத புகார் போட்டுட்டேன். கையும் களவுமா புடிச்சது சார் இது.

என்ன?... ஆமா, மழையிலதான். பின்ன எப்ப திறக்கறது? மழ பெய்யும்போதுதானே தண்ணி உள்ள வருதான்னு தெரியும்? வெயில் அடிக்கறப்ப திறந்து பாத்துட்டு, தண்ணி இல்லன்னு சொன்னா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?... குட புடிச்சுக்கிட்டுத்தான் சார். நானா புடிக்க முடியும், ரெண்டு கையிலயும் வேல இருக்கே. இவதான் புடிச்சுக்கிட்டு நிப்பா. நீயே சொல்லும்மா. ஒரு சொட்டு என் தலையில விழ விட மாட்டா.

டப்பாவுக்கு?... டப்பாவுக்கு எதுக்கு சார் குட?

என்ன, இப்ப உக்காந்துட்டீங்க? அப்பவே உக்காருங்கன்னேன்.

தண்ணி வேணுமா? குடிங்க. வேர்த்துடுச்சு உங்களுக்கு. இந்த வெயிலு அப்படி. மேற்க கருத்துக்கிட்டு வருது பாருங்க, சாயங்காலம் கண்டிப்பா வரும்.

இப்ப அந்த ரப்பரக் கேக்கறீங்களா? மூடிக்கு உள்பக்கம் சுத்தி ஓடுதே, கறுப்பா, நூடுல்ஸ் தடிமனுக்கு, அதானே? அத நான் நல்லா வச்சிருக்கேன் சார். நசுங்கிப் போயிருந்துச்சு, அழுக்கு வேற. கழட்டி சோப்புத் தண்ணில ஊறப் போட்டு, அலசி, கொடில கிளிப்பு மாட்டிக் காயப் போட்டேன். சட்ட துணிமணியோட சேத்து. யாரு இந்த அளவுக்குப் பண்ணுவா? திரும்ப வைக்கறப்ப ஒரு மூலையில கொஞ்சம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. எப்படி அமுக்கினாலும் எட்டி எட்டிப் பாத்துச்சு. காஞ்சதுல நீண்டுடுச்சு போல. கத்திரி எடுத்து, இவ்வளவே இவ்வளவு... நறுக்கி விட்டேன். அப்புறம் பாருங்க, அச்சு மாதிரி ஒக்காந்துச்சு.

எப்பன்னா... எப்பம்மா அது? நோட்டுல இருக்கும். 'ரப்பர் சுத்தம் செய்யப்பட்டது.' பத்தாவதுக்கு அடுத்து.

பதினொண்ணாவதுக்கு முன்னாடி.

என்ன பண்றீங்க? சரி, வச்சுக் காட்டுங்க. அந்தப் பள்ளத்துல... சுத்தி... ம்... ஆமா. ரெண்டு முனையும் சேரல. ஒரு கட்டவெரல் அளவு சேரல. வெயில்ல சுருங்கியிருக்குமோ?... அன்னிக்கு அமுக்கினப்ப சரியாத்தானே இருந்துச்சு. இழுத்து ஒட்டினேன் இல்ல, அது மறுபடி உள்வாங்கிடுச்சு போல.

ஏம்மா, நீ என்ன தண்ணித் தொட்டியவே பாத்துக்கிட்டு நிக்கற? தெரியுமா உனக்கு? முன்னாடியே தெரியுமா?... சொன்னியா? எப்ப சொன்ன?... சரி. சொல்லியிருப்ப. நான்தான் காதுல போட்டுக்கல.

இல்ல சார், ஒண்ணுமில்ல. எழுதாதீங்க, கொஞ்சம் இருங்க. நான் ஒண்ணு யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

அன்னிக்கு மாப்ளயும் இப்படித்தான் பண்ணாரு. செவப்பு லைட்டு வந்து அஞ்சாவது நாளு. பொண்ணும் கூட வந்திருந்தா, டீ கப்போட அதோ அந்தக் கைப்பிடிச் சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தா. அவரு டப்பாவத் திறந்தாரு. ரப்பர எடுத்து, இதே மாதிரி பள்ளத்துல வச்சு, வெரல ஓட்டிக்கிட்டே வந்தாரு. அந்த மூலையில வந்ததும் நின்னுட்டாரு. என்னப் பாத்தாரு. கத்திரியால நறுக்கினது யாருக்கும் தெரியும் சார், ஓரம் நேரா இருக்கே. என்னமோ கேக்க வாயத் திறந்தாரு. கேக்கல. 'மாமா, நான் புதுசு கொண்டாந்து போட்டுத் தரேன். அதுவரைக்கும் இதத் திறக்காதீங்க'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. முப்பத்தோரு வருஷம் டப்பா திறந்தவன்கிட்ட வந்து திறக்காதேங்கறதா? 'எதுக்குத் திறக்கக் கூடாது? உள்ள என்னத்தப் பண்ணி வச்சிருக்கீங்க, மறைக்கறதுக்கு?'ன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். 'வேல தெரியாதவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு நான் அவஸ்தப்படறேன்'னு... அதையும் சொல்லிட்டேன். கூட வேல பாக்கற ஆளு பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாரு.

மாப்ள அந்தக் குழாய்ல கை கழுவினாரு, துண்டுல தொடச்சாரு, எறங்கிப் போயிட்டாரு. பொண்ணு டீ கப்ப சுவத்து மேல வச்சுட்டு அவரு பின்னாலயே போயிட்டா. பாதி டீ அப்படியே இருந்துச்சு. அந்தக் கப்பு மூணு நாள் அங்கயே இருந்துச்சு சார். இவ எடுக்கல. நானும் எடுக்கல. அப்புறம் ஒரு மழ வந்துச்சு. டப்பா திறக்க வந்தப்பதான் எடுத்தேன்.

ஆமா, அதுக்கப்புறமும் திறந்தேன். அவரு திறக்காதன்னு சொன்னதாலயே திறந்தேன்.

உங்க ஆபீஸ்ல அவர்கிட்ட விளக்கம் கேட்டிருப்பீங்களே? கேட்டீங்களா? என்ன எழுதிக் குடுத்தாரு?... சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்... 'ரப்பர் சரியில்லை, மாற்றித் தருகிறேன்.' அவ்வளவுதானா? யாரு நறுக்கினாங்கன்னு? எழுதலயா? மாமனார் திறந்தாருன்னு ஒரு வரி? அதுவும் இல்லயா?

லைசென்ஸ் போவும்னு அவருக்குத் தெரியும்ல?

...தெரியும்.

ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். எனக்கா இருந்தா மூணு பக்கம் எழுதியிருப்பேன்.

தம்பி, ஃபாக்டரில ஒண்ணு உண்டு. நான் திறந்த டப்பாவ மறுபடி மூடிக் கடைக்கு அனுப்ப மாட்டோம். எவ்வளவு நல்லா மூடினாலும் அது பழைய மாதிரி மூடாது. தனியா எடுத்து வச்சு, சாயங்காலம் நாங்களே தின்னுடுவோம். நூத்துல ஒண்ணுதானே, போனாப் போவுது. இங்க ஒரே ஒரு டப்பா இருந்துச்சு. அதப் போய் பதினஞ்சு தரம் திறந்திருக்கேன். மாப்ளயும் ஒருத்தருதான் இருக்காரு எனக்கு.

எழுதுங்க. மூணாவதுல டிக் போடுங்க, 'வேறு காரணம்'. பக்கத்துல எழுதுங்க. 'வீட்டு உரிமையாளர் மழையில் திறந்தார். ரப்பரை நறுக்கினார்.' எத்தன தரம்னு போட எடம் இருக்கா? பதினஞ்சு. இருங்க, இருங்க, நோட்ட எண்ணிப் பாத்துட்டுப் போடுங்க, தப்பா எழுதக் கூடாது... பதினாறா? சரி, பதினாறு. கையெழுத்து எங்க? குடுங்க. மூணு புகாரும் வாபஸ்னு கீழ நானே எழுதறேன்.

ஏம்மா, அந்தப் புது ரப்பர் எங்க? ஆமா தம்பி, சண்ட நடந்த மறுநாளே தபால்ல அனுப்பிட்டாரு. ஒறையக் கூடப் பிரிக்கல நான். பிரிச்சா அவரு சொன்னது சரின்னு ஆயிடும்னு அலமாரில போட்டு வச்சிருந்தேன். எடுத்துட்டு வாம்மா. பொத்தான் டப்பாலேர்ந்து அந்த ரெண்டு ஸ்க்ரூவும்.

...நல்லா தொடச்சிட்டீங்களா? உள்ள கருகியிருந்த வயர் முன எல்லாம் மாத்தியாச்சா? சரி, மூடுங்க. நாலையும் போடுங்க. இறுக்குங்க. கீழயும் போட்டுப் பாத்துட்டீங்களா? பச்ச லைட்டா! ம்.

ஒரு சொட்டு கையில விழுந்துச்சு. ரெண்டு. வந்துடுச்சு பாருங்க, சொன்னேன்ல. கெளம்புங்க தம்பி, நனைஞ்சிடுவீங்க. அந்தக் குடையக் கொண்டு போங்க, இனிமே அது இங்க தேவப்படாது.

இருங்க, இருங்க. இந்த ஸ்க்ரூ டிரைவரையும் கொண்டு போயிடுங்க. உங்களுது இல்ல, தெரியும், என்னுதுதான். கொண்டு போங்க. கையெல்லாம் நமநமங்குது எனக்கு, நீங்க தெரு முன திரும்பறதுக்குள்ள திறந்துடுவேன். மாப்ளகிட்ட குடுத்துடுங்க. மாமா மன்னிப்புக் கேட்டாருன்னு... வேண்டாம், அத நீங்க சொல்லாதீங்க, அது நான் சொல்லணும். அடுத்த மழைக்கு இந்த டப்பாவப் பாக்கணும்னா அவரே வந்து திறந்து காட்டினாத்தான் உண்டுன்னு மட்டும் சொல்லுங்க. பாத்து, நிலை தாழ்வு, தல தல!... இடிச்சுக்கிட்டாரு.

ஏம்மா, அந்த ஃபோன எடு. நீயே போட்டுக் குடு. பொண்ணு எடுத்ததும் நான் பக்கத்துல நிக்கறேன்னு சொல்லிடாத, வச்சிடுவா.