வலது கன்னம்

ராகிக் கஞ்சி கட்டி தட்டாமல் வர வேண்டுமானால் மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும், மேடம். கொதிக்கிற தண்ணீரில் நேராகக் கொட்டுகிறவர்கள்தான் பிறகு கரண்டியோடு மல்லுக்கட்டுகிறார்கள். என் மனைவி பவுலினா இறந்த பிறகு அடுப்படி என் பொறுப்பாகிவிட்டது. கஞ்சியில் மோர் ஊற்றி, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் அதில் வேறு எந்த ருசியும் தெரியாது.

என் பெயர் அருள்ஜோசப். ஓசூர் சிப்காட்டில் ஒரு வார்ப்பட ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். மத்திகிரிப் பக்கம் வீடு. ஒரே மகள், ரெனிட்டா. நீங்கள் என் மாப்பிள்ளை ஸ்டெபினைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவர் எப்படி இறந்தார் என்று சொல்கிறேன். ஆனால் ரெனிட்டாவின் வலியைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் நான் ஏதோ கோபக்காரன் என்று நினைத்துக்கொள்வீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை.

அவள் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தாள். ஒரு பனிக்காலக் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, வலது கன்னத்தில் கரண்ட் அடித்த மாதிரி இருந்ததாம். அப்புறம் காற்று பட்டால் வலித்தது. வாயைத் திறந்தால் வலித்தது. பல் துலக்க முடியவில்லை. இடது பக்கமாகவே சாப்பிடப் பழகினாள். பிறகு அதுவும் முடியாமல் கஞ்சிக்கு வந்தாள்.

முதலில் பல் என்றுதான் நினைத்தோம். ஒரு பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி அப்படியே இருந்தது. பிடுங்கியது நல்ல பல் என்று பிறகுதான் தெரிந்தது. நான் அந்தக் கிளினிக்குக்குத் திரும்பப் போனேன். டாக்டருடைய வலது கையைப் பிடித்து அவருடைய மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். விரல்கள் உடைந்த சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டேன். அவர் போலீசுக்குப் போகவில்லை. அவருக்கும் நியாயம் தெரிந்திருக்கிறது.

அதேபோல ஒருநாள் கிருஷ்ணகிரி பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு ஆள். ஜன்னலை மூடுங்கள், மகளுக்குக் காற்று ஆகாது என்று தன்மையாகத்தான் கேட்டேன். புழுங்குகிறது என்றார். அவர் தலைமுடியைப் பிடித்து முன்னாலிருந்த கம்பியில் மோதினேன். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். வேறு யாரோ எழுந்து ஜன்னலை மூடினார்கள். ரெனிட்டா வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். அன்றைக்கு அவளுக்கு வலி அவ்வளவு அதிகமாக இருந்தது.

கடைசியாக ஓசூரிலேயே நரம்பு டாக்டர் மோகன்குமாரிடம் போனோம். பொறுமையான மனிதர். முக நரம்பில் வருகிற வலி என்றார். என்னென்ன செய்யலாம் என்று எங்கள் இருவருக்கும் நிதானமாக விளக்கினார்.

சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது, வயிறுதான் புண்ணாகும். பெங்களூருக்குப் போனால் நரம்பிலேயே ஊசி போடுவார்கள், ஆபரேஷனும் உண்டு, ஆனால் கன்னம் மரத்துப்போக வாய்ப்பிருக்கிறது. தூக்கத்துக்கும் நரம்புக்கும் சேர்த்துக் கொடுக்கிற மாத்திரை ஒன்றைக் கொஞ்ச காலம் பார்த்தோம். வாய் உலர்ந்து போனதுதான் மிச்சம். பிறகு வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற மாத்திரை. அது கேட்டது. தலை சுற்றும், தூக்கம் வரும், அவ்வப்போது ரத்தம் பரிசோதிக்க வேண்டும். குழந்தை பெற்றுக்கொள்கிற யோசனை வந்தால் முன்கூட்டியே தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர்.

நான் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். அந்த மாத்திரைதான் சரி என்று பட்டது. அவள் வேலையை விட்டுவிட்டாள். பகலிலும் தூங்கினாள். விழித்திருக்கும்போது தலையை என் மடியில் வைத்துக்கொள்வாள். இடது கன்னம் மடியில் படும்படி எப்படிப் படுக்க வைப்பது, தலையணையை எங்கே வைப்பது என்பதெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். நல்ல நாட்கள் அவை. வலி இல்லாத நாட்கள் என்கிற அர்த்தத்தில் சொல்கிறேன்.

ஸ்டெபினை அவள் கோயில் திருவிழாவில் சந்தித்தாள். பர்கூரில் கிரானைட் பாலிஷ் போடுகிற யூனிட்டில் வேலை. அவளுடைய வலியைத் தெரிந்துகொண்டேதான் கல்யாணத்துக்குக் கேட்டார். நல்லவர். அதை நான் மறுக்கவே மாட்டேன். கல்யாணமானதும் கிருஷ்ணகிரியில் வீடு பார்த்துப் போனார்கள். ஒருமுறை எனக்கென்று கருங்கல்லில் செய்த ஒரு சின்ன உரல் கொண்டுவந்தார். "இஞ்சி பூண்டு தட்டறதுக்கு வச்சிக்கோங்க மாமா" என்றார்.

பிறகு குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். டாக்டரிடம் போனார்கள், என்னைக் கூப்பிடவில்லை. அவர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். வலி வரவில்லை. இந்த நோய் சிலருக்கு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட விலகியிருக்கும், திரும்ப வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். ரெனிட்டா எனக்குப் போன் செய்தாள். "அப்பா, இன்னிக்கி முறுக்கு தின்னேன். வலது பக்கமே கடிச்சேன்" என்றாள். சந்தோஷம் என்றேன்.

கர்ப்பமானதும் அவளை நான்தான் இங்கே வரச் சொன்னேன். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் அங்கே தனியாக இருப்பாள் அல்லவா. வந்தாள். மாடிப்படி ஏறி இறங்கினாள். பக்கத்து வீட்டு நஞ்சம்மாவோடு கன்னடத்தில் மணிக்கணக்காகப் பேசிச் சிரித்தாள். முறுக்கை நொறுக்கித் தின்கிற சத்தம் எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு நல்லதாகப் படவில்லை.

ஒருநாள் மாப்பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வலது கன்னத்தை உள்ளங்கையில் தாங்கியிருந்தாள். வலி இருப்பவர்கள் அந்த இடத்தைத் தொடவே மாட்டார்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு அப்பாவுக்கு டாக்டரைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும். அவள் அமுக்கிப் பிடித்து மறைக்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

"வலிக்குதா பாப்பா?"

"இல்லப்பா."

"எங்கிட்ட மறைக்காத."

"வலிச்சா சொல்ல மாட்டனா? போன வலிய நீங்களா கூப்புடாதீங்கப்பா" என்று சிரித்தாள்.

குழந்தைக்காகப் பொறுத்துக்கொள்கிறாள், மாப்பிள்ளைக்காகப் பொய் சொல்கிறாள். எனக்கு அன்றிரவு தூக்கம் இல்லை. மறுபடியும் எல்லாவற்றையும் யோசித்தேன். ஊசிக்கு அவள் வர மாட்டாள். வேறு மாத்திரை கேட்காது. கேட்கிற மாத்திரை வீட்டிலேயே மீதம் இருந்தது. வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும், மேடம். தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குழந்தையை நான் பார்த்ததில்லை. இவளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்.

மறுநாள் காலையிலிருந்து கஞ்சியில் கலந்தேன். தீர்ந்ததும் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு காவேரிப்பட்டினம் போய், முகம் தெரியாத கடையில் வாங்கிவந்தேன்.

அவளுக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது. நடை தள்ளாடியது. மசக்கை அப்படித்தான் இருக்கும் என்று நஞ்சம்மா சொன்னார். எனக்கும் நிம்மதியாக இருந்தது, ரெனிட்டா பழையபடி என் மடியில் படுத்தாள். பிறகு ஒருநாள் குளியலறையில் தலை சுற்றி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தை போய்விட்டது என்றார்கள். விழுந்ததாலா, வேறு காரணமா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. விழுந்ததால்தான்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். துக்கம் நரம்பைக் கிளறிவிடும் என்று எனக்குப் பயம். மாத்திரையை நிறுத்தவில்லை. கொஞ்சம் கூட்டினேன்.

மயக்கம் தெளியவில்லையே என்று மாப்பிள்ளை அவளை மோகன்குமாரிடம் கூட்டிப்போனார். ரத்தம் பரிசோதித்ததில் அந்த மாத்திரை இருப்பது தெரிந்துவிட்டது. நிறுத்தியதை ஏன் மறுபடி சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறாள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அவளை வீட்டில் விட்டுவிட்டு மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். ரெனிட்டா அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் அந்தக் கருங்கல் உரலில் மாத்திரையைத் தட்டிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"என்னா மாமா இடிக்கிறீங்க?"

"சுக்கு."

பக்கத்தில் வந்து ஒரு விரலால் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"கசக்குது மாமா."

"அவளுக்கு வலிக்குது மாப்ள. உங்களுக்குத் தெரியாது."

"அவளுக்கு வலியே இல்ல. மாசக்கணக்கா இல்ல. கொழந்த வயித்துல இருக்கும்போதும் குடுத்தீங்களா?"

நான் உரலை என் பக்கம் நகர்த்தினேன். அவர் சத்தம் போடவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் அவள இப்பவே கூட்டிட்டுப் போறேன். இனிமே நீங்க அவள பாக்க வேணாம்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

அவளை வலியோடு கொண்டுபோகப் போகிறார். எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது. நான் உரலைத் தூக்கி அவர் நெற்றியோரத்தில் அடித்தேன். கீழே விழுந்த எதையோ தேடுகிறவர் மாதிரி மெதுவாகக் குனிந்து உட்கார்ந்தார். "மாமா" என்றார். அடுத்த அடி பின்மண்டையில். மல்லாந்து சாய்ந்தார். கண் திறந்திருந்தது, கை தரையைப் பிறாண்டியது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வலி என்றால் என்னவென்று தெரியாமலே அவர் போகக் கூடாது என்று தோன்றியது. மண்டி போட்டு உட்கார்ந்து, வலது கன்னத்தில் அடித்தேன். எலும்பு உள்ளே இறங்கும் வரைக்கும் அந்த ஒரே இடத்தில்தான் அடித்தேன். வேறு எங்கும் அடிக்கவில்லை, பிரேதப் பரிசோதனையில் பார்த்திருப்பீர்கள்.

நிமிர்ந்தால் ரெனிட்டா வாசற்படியில் நிற்கிறாள். இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. உரலை வைத்துவிட்டு, சிதறிக் கிடந்த பொடியை வழித்து எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். அவள் பின்னால் நகர்ந்து சுவரோரம் விழுந்தாள். முழங்காலால் அவள் கையை அமுக்கிக்கொண்டு, தாடையைப் பிடித்துத் திறந்தேன். உதடு கிழிந்துவிட்டது, அது என் நகம் பட்டு. பொடி முழுவதும் ரத்தமாக இருந்தது, அவருடைய ரத்தம். துப்பினாள். மறுபடி போட்டேன். என் விரலைக் கடித்தாள். இதோ, இன்னும் ஆறவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நஞ்சம்மா, "ஏனாய்த்து அண்ணா?" என்றார், என்ன ஆச்சு என்று கன்னடத்தில். "ஏனூ இல்லம்மா, பாப்பாவுக்கு வலி" என்றேன். அவர் பின்வாசல் வழியாக வந்துவிட்டார். வந்து பார்த்துவிட்டு, என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். வயதானவர், அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஸ்டெபின் போய்விட்டார்.

ஆமாம், மேடம். அவரைக் கொன்றது நான்தான். வயிற்றிலிருந்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. டாக்டர் உங்களிடம் அவளுக்கு வலியே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நஞ்சம்மாவும் அப்படியே சொல்லியிருக்கிறார். நான்தான் கற்பனை செய்துகொண்டேன் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டீர்கள்.

நேற்று அவளை இங்கே அழைத்து வந்து என் எதிரில் உட்கார வைத்தீர்கள். உதட்டில் தையல் போட்டிருந்தது. நடந்ததைச் சொல்லும்மா என்றீர்கள். அவள் ஒரு வார்த்தை தொடங்கி நிறுத்திவிட்டாள். மறுபடி தொடங்கினாள், வரவில்லை. நீங்கள் கொடுத்த தண்ணீரை வாய் வரைக்கும் கொண்டுபோய்க் குடிக்காமல் கீழே வைத்தாள். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். என்னை ஒரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை நீங்களும் பார்த்தீர்கள், மேடம். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர்கூடப் பேனாவை நிறுத்திவிட்டார்.

இப்போதாவது சொல்லுங்கள், அவளுக்கு வலிக்கிறதா இல்லையா? ஆரம்பத்திலிருந்து நான் ஒருவன்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.