பைப்புக்கு அரை, பின்னுக்கு அரை

"அரைதானே எச்சாப் பூட்ச்சி, அதுக்கு இன்னாத்துக்கு இப்பிடி நடுங்குற?" என்றான் கணவன். சிங்கப்பெருமாள் கோயிலில் ரயிலேறி என் எதிரில் உட்கார்ந்தவர்கள். அவன் கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தான். அவள் மடியில் மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"சளி மருந்து பாயிண்ட் அஞ்சு எம்.எல்.னு டாக்டரு எழுதிக்கீறாரு. நீதான் போன்ல ஒண்ணாவே குடுன்னு சொன்ன."

"டிராப்பர்ல ஒண்ணுக்குத்தான் கோடு கீதுன்ன. பாயிண்ட் அஞ்சுன்னா அடுத்த முழு நம்பரா எழுதறதுதான் எங்க செக்கிங்ல பழக்கம். அந்த நெனப்புல சொல்லிட்டேன்."

"காலைல குடுத்தது. இன்னும் கண்ணு தொறக்கல."

"ஆயிரம் எம்.எம். பைப்புல அரை எச்சா இருந்தா எவனும் கேக்க மாட்டான்டி."

"நம்ம புள்ள பைப்பா? குட்டி குட்டியா பின்னு செக் பண்றியே, அதுல அரை எச்சா இருந்தா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வண்டி பரனூரில் நின்று கிளம்பியது. பெரியாஸ்பத்திரிக்குப் போக அவர்கள் அடுத்த ஸ்டேஷனான செங்கல்பட்டில் இறங்க வேண்டும்.

"சொல்லு."

"தூக்கிப் போட்ருவோம்."

"இருக்க வேண்டியதே அரைதான்னா?"

"டபுளு," என்றான். சட்டென்று குழந்தையின் துணியை விலக்கினான். "உள்ளங்கால சுண்டு. அழுவும்."

"ஏறனதுலேர்ந்து சுண்டிக்கினுதான் கீறேன்."