டச்சப் செய்யாத படம்

— இந்தப் படத்துல நான் கை வெச்சேனா இல்லையான்னு… சத்தியமா எனக்குச் சரியா ஞாபகம் இல்ல.

— ஸ்டூடியோ வெச்சிருக்கிறவர் சொல்ற பதிலா இது?

— ஒரு நாளைக்கு நாப்பது மூஞ்சி. கை தானாப் போகுது. முதல்ல கண்ணு, அப்புறம் பல்லு, அப்புறம் கன்னம்.

— இது நாப்பதுல ஒண்ணு இல்ல. உங்க பொண்ணு.

— அப்போ ரெண்டு தடவை வெச்சிருப்பேன்.

— பெருசாக்குங்க. கண்ணை மட்டும்.

— ம்… இந்தா.

— பால் மாதிரி இருக்கு.

— நல்லாத்தான் பண்ணியிருக்கேன்.

— மெச்சிக்கிறது வேறயா! டாக்டரம்மா டச்சப் செய்யாத படம் கேட்டாங்க. எங்க வீட்டுல அது மட்டும் கிடைக்காதுன்னு சொல்லிட்டு வந்திருக்கணும்.

— அவங்க என்னதான் சொன்னாங்க? போன்ல பாதி புரியல.

— நம்ம வாலு கண்ணுல வெள்ளையா இருக்க வேண்டிய இடம் லேசா நீலமா இருக்காம். பிறவியிலேயே எலும்புக்குப் பலம் இல்லேன்னா அப்படி இருக்குமாம். சும்மா தடுக்கி உட்கார்ந்தாக்கூட உடையுமாம். ரத்தம் எடுத்திருக்காங்க. முடிவு வர ஒரு மாசம்.

— குழந்தைகள் நல அதிகாரி விசாரணை திங்கக்கிழமை.

— அதுக்குத்தான் படம். நாலு வயசு, அஞ்சு வயசுலயே நீலம் இருந்துச்சுன்னு காட்டினா, உடனே எழுதித் தர்றேன்னாங்க. மூணு தடவை எலும்பு உடைஞ்சதுக்கும் அப்பா காரணம் இல்லேன்னு…

— ‘இல்லாம இருக்கலாம்’னு.

— சரி, ‘இருக்கலாம்’. அந்த ‘லாம்’ போதும், அதிகாரி உங்களைத் திரும்ப வீட்டுக்குள்ள விட. பதிமூணு நாளா எங்கதான் படுக்குறீங்க?

— பின்னாடி. கடற்கரை சீன் வரைஞ்ச திரை இருக்குல்ல, அதை விரிச்சு.

— ரொம்ப வசதி.

— கைக்குழந்தையில எடுத்தது இருக்கே. கைக்குழந்தைங்க படத்துல நான் டச்சப் பண்றதில்ல.

— அது ஆகாதாம். கைக்குழந்தைங்க நிறையப் பேருக்குக் கண்ணு அப்படித்தான் இருக்குமாம். ஒரிஜினல் எதுவும் இல்லையா?

— இடத்தை அடைக்குதுன்னு அழிச்சிடுவேன்.

— ஹூம்…

— பெருமூச்சு விடாத. கண்ணாடியில ஆவி படியுது.

— ஒண்ணு கேட்கிறேன். அந்த நீலத்தை நீங்க பார்த்ததே இல்லையா?

— பார்த்திருக்கேன்.

— எப்போ?

— எல்லாப் படத்துலயும். லைட்டுக் கோளாறுன்னு நினைச்சேன். ரெண்டு லைட்டு மாத்தினேன்.

— லைட்டை மாத்தத் தோணுச்சு. புள்ளையை ஒருதடவை வெயில்ல நிக்க வெச்சுப் பார்க்கத் தோணல.

— உனக்கு மட்டும்? தினம் மூஞ்சி கழுவி விடுறது நீதானே.

— நான் அது அழகுன்னு நினைச்சேன்.

— ம்… இரு. இரு, இரு.

— என்ன?

— புது லைட்டு வந்தா டெஸ்ட் எடுப்பேன்ல. யாரை உட்கார வெப்பேன்?

— வாலுவை. மிட்டாய் குடுத்து.

— கையில ஒரு வெள்ளை அட்டையைக் குடுத்து, தாடைக்குக் கீழ பிடிச்சுக்கச் சொல்வேன். அட்டை வெள்ளையா விழுந்தா லைட்டு சரி. அட்டையை மட்டும்தான் பார்ப்பேன். மூஞ்சியை யார் பார்த்தா? அதுக்கெல்லாம் டச்சப் கிடையாது.

— அதை அழிக்கலையே?

— பழைய டிஸ்க்குல கிடக்கும். அந்த வயரைக் குடு… ஆட்டாதே. ஆட்டினா நின்னு போகும்.

— தேதி பாருங்க.

— நாலரை வயசு.

— கண்ணு?

— பொறு, வருது.

— அட்டை வெள்ளையா இருக்கு.

— ம்.

— கண்ணு வெள்ளையா இல்ல.

— இல்ல. வெள்ளைச் சட்டைக்கு நீலம் கொஞ்சம் தூக்கலாப் போயிட்ட மாதிரி.

— பிரிண்ட் போடுங்க. ரெண்டு… இல்ல, மூணு போடுங்க.

— அழறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி அழு. கீபோர்டுல விழுது.

— யார் அழுதா?

— சரி, யாரும் அழல. லைட்டைப் பாரு. கண்ணை நல்லாத் திற.

— டாக்டரம்மாவும் இதேதான் பண்ணாங்க. எனக்கும் அந்த நீலம் கொஞ்சம் இருக்காம். சின்ன வயசுல நானும் ரெண்டு தடவை கையை உடைச்சுக்கிட்டேன். கால்ல சக்கரம் கட்டியிருக்கான்னு எங்க அம்மா திட்டுவாங்க.

— கல்யாணப் படத்துல உன் கண்ணையும் நான்தான் வெள்ளை பண்ணேன்.

— ஒரு வார்த்தை சொன்னீங்களா?

— கல்யாணம் ஆன கையோட எந்த மடையன் அதைச் சொல்வான்? முதல் காப்பியை வாலுவோட ஸ்கூல் டீச்சருக்குக் குடுக்கணும். எம்மேல புகார் சொல்லி அதிகாரிக்குப் போன் பண்ணீங்களே, இதையும் பாருங்கன்னு.

— வேணாம்.

— ஏன்? கோபமாப் பேச மாட்டேன். குடுத்துட்டு வந்துடுவேன்.

— டீச்சர் போன் பண்ணல.

— பின்னே யாரு?

— …

— ஓ.

— மூணாவது தடவை… நீங்க தூக்கினதும் அலறினா. நான் பார்த்தது அதை மட்டும்தான். எனக்கு வேற என்ன தெரியும்?

— ம்.

— திட்டவாவது செய்யுங்க.

— பிரிண்டர்ல பேப்பர் இல்ல. அந்தப் பெட்டியை எடு.

— நான் போன் பண்ணினேன், சரி. பண்ணினதுலருந்து தப்போ தப்போன்னுதான் இருந்தேன். நீங்களே அதிகாரிகிட்ட எழுதிக் குடுத்தீங்களே, ‘தூக்கும்போது கையை இழுத்துட்டேன்’னு. அந்தக் கையெழுத்தைப் பார்த்த அப்புறம்தான் முழுசா நம்பினேன்… இழுத்தீங்களா?

— இல்ல.

— பின்னே எதுக்கு அப்படி எழுதினீங்க?

— நான் தூக்குறதுக்கு முன்னாடியே அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டுத்தான் ரூமை விட்டு வந்தா. அதுக்கு முன்னாடி உள்ள உன் சத்தம் கேட்டுச்சு.

— தலை பின்னும்போது ஆடாம நில்லுன்னு கத்தினேன். அவ திமிறிக்கிட்டுப் போய்க் கட்டில்ல இடிச்சுக்கிட்டா. அவ்வளவுதான்… என்னங்க, நான்தான் உடைச்சேன்னா நினைச்சீங்க?

— ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டை விட்டுப் போய்த்தான் ஆகணும்னா… தலை பின்னத் தெரியாதவன் போகட்டும்னு நினைச்சேன்.